எந்த வெயிலையும் தாங்கும் ரோஜா எது?

கேள்வி: ஏற்காடு அடிவாரம் போகும் வழியில் ஒரு நர்சரியில் ‘ஹார்டி ரோஸ், எதையும் தாங்கும்’ என்று சொல்லி ஆறு செடி கொடுத்தார்கள். ஒன்று 250 ரூபாய். வாங்கும்போது பூத்துக் குலுங்கியது. ஏப்ரலில் மாடியில் தொட்டியில் வைத்தேன். இரண்டுதான் மிச்சம். அதில் ஒன்று கொடிபோல் ஆளுயரம் ஓடுகிறது, மொட்டே இல்லை. மறுபடி வாங்கலாமா?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: வாங்குங்கள். ஆனால் ஏப்ரலில் வேண்டாம். ஐப்பசி மழை நின்று வெயில் தணிந்ததும் வாங்கினால், கோடைக்குள் வேர் பிடிக்க நாலைந்து மாதம் கிடைக்கும்.

‘ஹார்டி’ என்பது குளிர் நாட்டு நர்சரிகளின் சொல். பனியில் உறைந்த தண்டு மறுபடி துளிர்க்குமா என்பதுதான் அவர்கள் கவலை. சேலத்து மொட்டை மாடியில் பனியா பெய்கிறது? இங்கே தாங்க வேண்டியது சித்திரை வெயிலையும் போர் தண்ணீரின் உப்பையும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘இந்தச் செடி எங்கே வளர்ந்தது?’ குளிர்ச்சியான ஊரில் நிழல்வலைக்குள் வளர்ந்து நேற்று லாரியில் வந்திறங்கிய செடி நம் வெயிலைப் பார்த்ததே இல்லை. அதை ஒரு வாரமாவது அரை நிழலில் வைத்துப் பழக்க வேண்டும்.

என் வீட்டிலும் இப்படி ஒரு செடி போனது. பிடுங்கிப் பார்த்தேன். கவரிலிருந்து வந்த களிமண் உருண்டை செங்கல் மாதிரி இறுகியிருந்தது. தினமும் ஊற்றிய தண்ணீர் அதைச் சுற்றி ஓடியிருக்கிறது, உள்ளே இறங்கவே இல்லை. சுற்றிலும் ஈர மண், நடுவில் காய்ந்த வேர். அன்றிலிருந்து நடுமுன் உருண்டையை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்து மண்ணைப் பக்குவமாக உதிர்த்த பிறகே வைக்கிறேன்.

உங்கள் கொடிக்கு வருவோம். கடை ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச்செடிகள்: அடியில் காட்டு ரோஜா, மேலே பூ ரோஜா. தூரில் முடிச்சுபோல் தடித்திருக்கும் இடம்தான் ஒட்டு. கிளை அதற்குக் கீழிருந்து வந்தால் ஓடுவது காட்டு ரோஜா. மேலே பூ ரோஜா உயிரோடு இருந்தால், கீழ்க்கிளையை வெட்டாமல் முளைத்த இடத்தோடு பிய்த்தெடுங்கள். வெட்டினால் மறுபடி கிளம்பும். மேலே காய்ந்திருந்தால் அந்தச் செடியில் நீங்கள் வாங்கிய பூ இனி வராது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் பன்னீர் ரோஜா வையுங்கள். எட்வர்டு ரோஜா என்பதும் இதுதான். குச்சி வைத்தே வரும், ஒட்டு கிடையாது. நுனி கருகினாலும் தூரிலிருந்து துளிர்ப்பது அதே ரோஜாதான். மணத்தில் பெங்களூர் ரோஜா இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. தெரிந்தவர் வீட்டில் ஐப்பசியில் கவாத்து செய்யும்போது பென்சில் பருமனில் ஒரு சாண் குச்சி நாலைந்து கேளுங்கள். செலவே இல்லை. ஆந்திரா சிவப்பும் பட்டன் ரோஜாவும் அடுத்தபடி.

கடையில் பூவைப் பார்த்து மயங்காதீர்கள். ஒட்டுக்கு மேலே இரண்டு மூன்று பச்சைத் தண்டு, புதுத் துளிர், பின்பக்கம் தூசிபோல் சிலந்திப்பேன் ஒட்டாத இலை, இதுதான் கணக்கு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் தண்ணீரின் சுண்ணாம்புதான் பெரும்பாலும் காரணம். முடிந்தபோது மழைநீரோ மேட்டூர்த் தண்ணீரோ ஊற்றுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் நீல ரோஜா விதை வாங்கினேன். முளைத்தது ஏதோ களை. பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: நீலத்துக்கான நிறமி ரோஜாவில் இயற்கையாகவே இல்லை. மரபணு மாற்றி ஜப்பானில் 2009-ல் விற்பனைக்கு வந்த ரோஜாகூட இளம் ஊதாதான். தவிர, கலப்பின ரோஜாவின் விதை தாயைப்போல் பூக்காது. படத்தில் இருந்தது வேறு, வந்தது வேறு என்றால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விளம்பரப் படம், பில், முளைத்ததன் போட்டோ மூன்றையும் வைத்து முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் ரோஜா இலைகளில் கரும்புள்ளி விழுந்து உதிர்கிறது. விலை கூடிய மருந்து வாங்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், ஏற்காடு

பதில்: பொறுங்கள். மருந்து புது இலையைக் காக்கும், புள்ளி விழுந்ததை மீட்காது. மலை மூட்டத்தில் இலை மணிக்கணக்கில் ஈரமாகவே இருப்பதுதான் மூலம். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள், நடுக்கிளைகளைக் கழித்துக் காற்று விடுங்கள், காலையில் தூரில் மட்டும் ஊற்றுங்கள். பிறகும் வந்தால் ஓர் இலையோடு ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள்.