ஷீட்டில் 30 நாள், ரசீதில் 61 நாள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 28,000 ரூபாய் சம்பளத்தில் வேலை செய்கிறேன். தம்பியின் செல்போன் கடைக்காக என் நகையில் எட்டுப் பவுனை ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் மூன்று ரசீதுகளாக அடகு வைத்திருக்கிறேன். 30 நாளுக்குள் வட்டி கட்டினால் ஆண்டுக்கு 12 சதவீதம், 60 நாள் வரை 18, அதற்கு மேல் போனால் 24. நாள் தவறிவிடக் கூடாது என்பதற்காகவே கூகுள் ஷீட்ஸில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். செப்டம்பர் 6 அன்று அது 30 நாள் என்று காட்டியது. 1,80,000 ரூபாய்க் கடனுக்கு 1,775 ரூபாய் வட்டியோடு போனால், 61 நாள் ஆகிவிட்டது, 7,220 ரூபாய் கட்டுங்கள் என்றார்கள். உடன் வேலை செய்பவர் தம் கணினியில் வேறொரு ஃபார்முலா போட்டுப் பார்த்து 58 என்கிறார். எது சரி? நாள் கணக்கிட நம்பகமான செயலி ஏதும் உண்டா? தங்கம் விலை ஏறியிருப்பதால் இதே நகைக்குக் கடனை 2,00,000 ரூபாயாகப் புதுப்பித்தால், வட்டி போகக் கையில் 12,780 ரூபாய் தருவதாக நிறுவனத்தில் சொல்கிறார்கள். தீபாவளிச் சரக்கு எடுக்க உதவும், வாங்கிக்கொள் அக்கா என்கிறான் தம்பி. தினமும் 50 ரூபாய்க்கு டிஜிட்டல் தங்கம் சேர்த்தால் நகையை மீட்டுவிடலாம் என்றும் சொல்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: முதல் ரசீதின் அடகு தேதியான 2025 ஜூலை 8-லிருந்து செப்டம்பர் 6 வரை 60 நாள். ஜூலையில் மீதி 23, ஆகஸ்டில் 31, செப்டம்பரில் 6 என்று விரல் விட்டு எண்ணினாலும் அதுதான் வரும். உங்கள் ஷீட் எப்படி 30 காட்டியது என்பதை, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் ஊகிக்க முடிந்தது. தேதியை 8/7/2025 என்று பதிந்திருக்கிறீர்கள். அந்தக் கோப்பின் நாட்டு அமைப்பு அமெரிக்கா என்று இருப்பதால், மாதத்தை முதலில் படிக்கும் வழக்கப்படி அது ஆகஸ்ட் 7 என்று எடுத்துக்கொண்டது. கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாள் நிரல்கள் தேதியை உள்ளுக்குள் ஒரு தொடர் எண்ணாகத்தான் வைத்திருக்கின்றன. ஜூலை 8 என்பது 45846, ஆகஸ்ட் 7 என்பது 45876, செப்டம்பர் 6 என்பது 45906. கழித்தலில் பிழையே இல்லை. கழிக்கக் கொடுத்த எண்தான் தவறு.

இதே பிழை மற்ற இரண்டு ரசீதுகளின் வரிசைகளிலும் இருந்திருக்கிறது. 19/8/2025 என்பதைப் பத்தொன்பதாவது மாதமாகப் படிக்க முடியாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டு பிழைச் செய்தி கொடுத்தது. (அந்த ஒரு கட்டம் மட்டும் இடது பக்கம் ஒட்டி நிற்பதைப் பாருங்கள், தேதி என்று புரிந்துகொண்டவை தாமாகவே வலது பக்கம் ஒதுங்கியிருக்கும்.) 11/8/2025 என்பதை நவம்பர் 8 என்று படித்து மைனஸ் 63 காட்டியது. அந்த இரண்டையும் நீங்களே சந்தேகப்பட்டு, நாள்காட்டியைப் பார்த்து எண்ணிக் கையால் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரிசையில் வந்த 30-ஐ மட்டும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அது நீங்கள் எதிர்பார்த்த எண்ணாகவே இருந்தது. கோப்பின் அமைப்புகளில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிடுங்கள். ஆண்டை முதலில் வைத்து 2025-07-08 என்று பதியப் பழகினால் எந்தக் கணினியிலும் இந்தக் குழப்பம் வராது.

நண்பர் சொன்ன 58, எல்லா மாதத்துக்கும் 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துக்கொள்ளும் ஃபார்முலாவிலிருந்து வந்தது. அது போலி அன்று. மத்திய அரசின் கடன் பத்திரங்களுக்கு வட்டி கணக்கிடுவது அந்த முறையில்தான். நகைக்கடன் ரசீதுக்கு அது பொருந்தாது. எக்செல்லை நம்பலாமா என்று தனியாக ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். 1900-ஆம் ஆண்டில் இல்லாத பிப்ரவரி 29-ஐ அது இருப்பதாகக் கொள்கிறது என்பது உண்மை; லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் நிரலோடு ஒத்துப்போவதற்காகத் தெரிந்தே வைத்துக்கொண்ட பிழை அது. உங்கள் கொள்ளுப்பாட்டி வைத்த அடகாக இருந்தாலொழிய அதனால் ஒரு பைசாவும் மாறாது.

நிதி நிறுவனத்தார் சொன்ன 61 எங்கிருந்து வந்தது? அடகு வைத்த நாள், பணம் கட்டும் நாள் இரண்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். உங்கள் ரசீதின் பின்புறத்தில் நான்காவது வரியில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது, நீங்கள் கையொப்பமிட்டிருக்கிறீர்கள். கடன் ஒப்புதலான நாளிலிருந்தே, அதாவது பணம் கைக்கு வருவதற்கு முன்பிருந்தே வட்டி போடுவதையும், மாத நடுவில் கடனை அடைத்தாலும் முழு மாதத்துக்கும் வட்டி வாங்குவதையும் ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 தேதியிட்ட சுற்றறிக்கையில் கண்டித்திருக்கிறது. உங்களிடம் அப்படி ஏதும் வாங்கவில்லை. ஆகவே சண்டை போட இடமில்லை. ஆனால் அந்த ஒரு நாளின் விலையைக் கவனியுங்கள். 60 நாளுக்கு 18 சதவீதம் என்றால் சுமார் 5,326 ரூபாய். 61 நாளுக்கு 24 சதவீதம் என்றால் 7,220 ரூபாய். படி ஏறியதும் உயர்ந்த வட்டியை அன்றிலிருந்து போடுவதில்லை, முதல் நாளிலிருந்தே போடுகிறார்கள். 24 சதவீதம் என்பது நம் ஊர்ப் பேச்சில் இரண்டு ரூபாய் வட்டி. கடைவீதி அடகுக்காரரிடம் அந்த வட்டியைக் கேட்டால் நீங்கள் திரும்பி வந்திருப்பீர்கள்.

நாள் கணக்கு இவ்வளவுதான். அதற்கென்று தனியாக ஒரு செயலி வேண்டியதில்லை. கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வேறு. ஷீட்டில் 'அடகு தேதி' என்ற கட்டத்தை, ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அழித்துப் புதிய தேதி எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் அந்த ஷீட்டில் எந்த நகையும் இரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்ததாகத் தெரிவதில்லை. 2024 பொங்கலுக்கு முன், மறுநாள் வெள்ளிக்கிழமையாக இருந்ததால் ஜனவரி 11 வியாழனன்றே கொண்டுபோய் வைத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தேதியை ஒரு கட்டத்தில் எழுதி, செப்டம்பர் 6-லிருந்து கழித்துப் பாருங்கள்: 604 நாள். இடையில் 2024 பிப்ரவரி 29-உம் உண்டு. ஷீட் அதைச் சரியாகவே சேர்த்துக்கொள்ளும்.

இனித் தொகையைப் பார்ப்போம். அன்று மூன்று ரசீதும் சேர்ந்து 2,50,000 ரூபாய். இன்று 1,80,000, 1,20,000, 90,000 ஆக 3,90,000 ரூபாய். கூடியது 1,40,000. அதில் தம்பி கைக்குப் போனது 80,000 என்று உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது. மீதி 60,000 ரூபாய் யார் கைக்கும் வரவில்லை. புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய வட்டியைப் புதிய கடனிலேயே கழித்துக்கொண்டதால் அசலாகிவிட்ட வட்டி அது. 2024 ஜனவரியில் பவுன் 46,000, 47,000 ரூபாய் அளவில் இருந்தது. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் 80,000 ரூபாயைத் தொட்டது. விலை ஏற ஏற அதே நகைக்குக் கூடுதல் பணம் கிடைத்தது. கையிலிருந்து எதுவும் போகாததால் வட்டி கட்டியதாகவே உங்களுக்குத் தோன்றவில்லை. நகை ஏறிய மதிப்பில் ஒரு பகுதியை வட்டியாகக் கொடுத்துவிட்டீர்கள். விலை ஏறாமல் ஓராண்டு நின்றிருந்தால் இந்த ஏற்பாடு அன்றே நின்றுபோயிருக்கும்.

ஆகவே 2,00,000 ரூபாய்க்குப் புதுப்பிக்காதீர்கள். 12,780 ரூபாய் கைக்கு வருவதற்காக 7,220 ரூபாய் வட்டியை மறுபடியும் அசலாக்கி, மாத வட்டியையும் 1,800-லிருந்து 2,000 ரூபாயாக ஏற்றிக்கொள்வதுதான் அதன் பொருள். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, நடைமுறைக்கு வர 2026 ஏப்ரல் 1-ஐக் கெடுவாக வைத்த நகைக்கடன் விதிகளில், அசலையும் வட்டியையும் மொத்தமாக முடிவில் கட்டும் கடனைப் புதுப்பிக்க வேண்டுமானால் அதுவரையிலான வட்டியைக் கட்டியாக வேண்டும் என்று இருக்கிறது. அதே விதிகளில் இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றும் இருப்பதால், இன்னும் கூடுதலாகக் கிடைக்கும் என்று யாராவது தொலைபேசியில் அழைப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டிஜிட்டல் தங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி போகிறது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி இருக்கிறது. அதைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியும் ஒழுங்குபடுத்தவில்லை, ரிசர்வ் வங்கியும் ஒழுங்குபடுத்தவில்லை. இருக்கும் தங்கத்துக்கு 12-லிருந்து 24 சதவீதம் வரை வட்டி கட்டிக்கொண்டு, இல்லாத தங்கத்தைத் தினம் 50 ரூபாய்க்கு வாங்கச் சொல்பவர் உங்கள் தம்பியாக இருந்தாலும் அது யோசனை அன்று. அந்த 1,500 ரூபாயை மாதாமாதம் அசலில் கட்டுங்கள்.

செய்ய வேண்டியது இது. உங்கள் சேமிப்புக் கணக்கில் 42,000 ரூபாய் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து முதல் ரசீதின் வட்டியை ரொக்கமாகக் கட்டுங்கள். அன்றிலிருந்து அந்தக் கடன் மீண்டும் 12 சதவீதப் படிக்கு வரும் என்று ரசீது சொல்கிறது. அடுத்து, இரண்டு பவுன் உள்ள 90,000 ரூபாய் ரசீதை மீட்டு, அந்த நகையை விற்றுவிடுங்கள். இது கசப்பாக இருக்கும் என்று தெரியும். அம்மா கொடுத்த சங்கிலி எந்த ரசீதில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, அது இதில் இருந்தால் அதே எடையுள்ள வேறு நகையை மீட்டுக்கொள்ளுங்கள். மீட்பதற்கு வட்டியோடு 91,000 ரூபாய் வேண்டும். உங்களிடம் மிஞ்சியிருக்கும் சுமார் 34,000 போக மீதியை இரண்டு நாளைக்குப் புரட்டித் தருவது தம்பியின் பொறுப்பு. அடகில் இருக்கும் நகையை நாங்களே மீட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். எடை பார்க்கும்போது நகை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கழிவு போக 1,45,000 ரூபாய்க்குக் குறையாமல் வரும் என்று வைத்துக்கொண்டால், புரட்டியதைத் திருப்பிக் கொடுத்து, உங்கள் சேமிப்பையும் நிரப்பிய பிறகு சுமார் 54,000 ரூபாய் நிற்கும். அதை இரண்டாவது ரசீதின் அசலில் கட்டுங்கள். மீதிக் கடன் ஏறக்குறைய 2,46,000. அதைப் படிக்கட்டு வட்டி இல்லாத, அசலைப் பகுதி பகுதியாகக் கட்ட விடும் ஒரு பொதுத்துறை வங்கிக்கு ஒவ்வொரு ரசீதாக மாற்றுங்கள். 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். தம்பி 6,000, நீங்கள் 5,000 என்று மாதம் 11,000 ரூபாய் கட்டினால் இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். வங்கியில் வாங்கும்போது, வட்டி எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்பதையும், எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதத்தையும் கடனின் விவரங்களைத் தொகுத்து வங்கி தரும் முக்கிய விவர அறிக்கையில் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். 2024 அக்டோபர் 1-லிருந்து புதிதாகக் கொடுக்கும் சில்லறைக் கடன்களுக்கு அதைத் தந்தாக வேண்டும்.

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்குப் பெரிய தயக்கம் என்று கடிதம் முழுவதும் தெரிகிறது. கடை நன்றாக ஓடுகிறது என்கிறீர்கள். நன்றாக ஓடும் கடை மாதம் 6,000 ரூபாய் தாங்கும்; தாங்காது என்றால் தீபாவளிச் சரக்குக்கு உங்கள் நகையைப் பிணையாக வைப்பது இன்னும் தவறு. வட்டி எவ்வளவு ஆனது என்று அவருக்குத் தெரியாது என நினைக்கிறேன். ஷீட்டில் எழுதி வைத்திருப்பவர் நீங்கள், வட்டியைக் கடனிலேயே கரைத்துவிட்டவரும் நீங்கள்தான். 2,50,000 எப்படி 3,90,000 ஆனது என்பதை ஒரே தாளில் அச்செடுத்து, அதன் தலையில் 604 என்ற எண்ணையும் எழுதி அவரிடம் கொடுங்கள். 6,000 ரூபாயை உங்கள் கையில் கொடுக்க வேண்டாம், ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி நேராகக் கடன் கணக்கிலேயே செலுத்தட்டும்.

ஷீட்டில் 'நகை வீட்டை விட்டுப் போன நாள்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, அதை யாரும் திருத்த முடியாதபடி பூட்டி வையுங்கள். எச்சரிக்கையை 30-க்கு வைக்காமல் 25-க்கு வையுங்கள். நிதி நிறுவனம் எண்ணும் முறையில் உங்கள் 30 என்பது 31. முதல் ரசீதின் வட்டி இன்னும் கட்டவில்லை என்றால், செப்டம்பர் 6-க்குப் பிறகு போன ஒவ்வொரு நாளுக்கும் 118 ரூபாய் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.