அலுமாரியைத் திறவுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

(வன்னியில் தொழினுட்பப் பாடங்களுக்கு ஆசிரிய ஆலோசகராகப் பணியாற்றும் ஒருவர் இம்முறை பதிலளிக்கிறார்.)

கேள்வி: ஆலோசகர் என்றால் பாடசாலைக்கு வந்து தேநீர் குடித்து, சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போகிறவர்தானே? நாள் முழுவதும் என்னதான் செய்கிறீர்கள்?
– ஓர் ஆசிரியர், மல்லாவி

தேநீரை நான் மறுப்பதில்லை. சம்பவத் திரட்டிலும் எழுதத்தான் வேண்டும். இடையில் நடப்பதைக் கேளுங்கள்.

காலையில் மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் பையில் ஆசிரியர் வழிகாட்டியோடு கூர் தீட்டும் எண்ணெய்க்கல், அரம், மின்னை அளக்கும் பல்மானி, மூலைமட்டம் எல்லாம் கிடக்கும். பைக்குத் தனி டிக்கெட் போட வேண்டும் என்று நடத்துநர் பகிடி விடுவார். பாடசாலையில் நான் முதலில் கேட்பது அலுமாரித் திறப்பை. அது அதிபரிடம் இருக்கும். அதிபர் வலயக் கூட்டத்துக்குப் போயிருப்பார். ஒருவாறு திறப்பு கிடைத்துத் திறந்தால், உறை பிரிக்காத உளிகளும் போன மாரியில் துருவேறிய வாள்களும் உள்ளே இருக்கும். வருடக் கணக்கெடுப்பில் ஒன்று உடைந்திருந்தால் யார் விளக்கம் எழுதுவது என்ற பயம். பயம் நியாயமானது, பூட்டு நியாயமானதல்ல. வாள் அலகும் துளையலகும் மணல்தாளும் தேய்ந்து தீருவதற்கென்றே வாங்கப்படுபவை. அவற்றை நிரந்தரப் பொருட்களோடு சேர்த்துப் பதியாதீர்கள் என்று அதிபர்களுக்குச் சொல்வதிலேயே என் நேரத்தில் பெரும்பகுதி போகிறது. ஆண்டு முடிவிலும் உளி புதிதாகவே இருந்தால் அந்த வகுப்பில் பாடம் நடக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அதன் பிறகு கூர் தீட்டல். அண்மையில் ஒரு தரம் 10 வகுப்பில் முதிரை என்ற கடின மரத்தின் துண்டொன்றைச் சீவ முடியாமல் பிள்ளைகள் வியர்த்துப்போய் நின்றார்கள். தங்கள் கையில்தான் பலமில்லை என்று நினைத்துவிட்டார்கள். சீவுளியின் அலகைக் கழற்றி, 25 பாகைச் சரிவைச் சீராக்கி, வெட்டும் விளிம்பை மட்டும் 30 பாகையில் எண்ணெய்க்கல்லில் தேய்த்துக் கொடுத்தேன். முதிரை சுருள் சுருளாக வந்தது. ஆனாலும் தொடக்க வகுப்புக்கு முதிரை வேண்டாம் என்று ஆசிரியருக்குச் சொன்னேன். மலைவேம்பு போதும், முதிரையைத் தளபாடம் செய்பவர்களுக்கு விட்டுவிடலாம்.

1.30க்குப் பாடசாலை விட்டதும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. வேறு பாடத்துக்கு நியமனம் பெற்று, ஆளில்லாததால் இதைக் கற்பிப்பவர்கள் பலர். பற்றாசு பிடிப்பதை, அதாவது உலோகக் கம்பியை உருக்கி இணைப்பை ஒட்டுவதை, கையில் தொட்டுச் செய்தால்தான் அவர்களுக்கு வகுப்பில் துணிவு வரும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த பற்றாசுக் கம்பி 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கி 190 அளவில் முழுதும் உருகும். முதலில் இணைப்பைச் சூடாக்கி, பிறகு கம்பியை அதில் தொட வேண்டும். சூடாக்கும் பற்றாசுக் கோலின் நுனியில் பற்றாசை உருக்கிக் கொண்டுபோய் அப்பினால் இணைப்பு உறுதியாகப் பிடிக்காது. ஈயம் இருப்பதால், கை கழுவாமல் யாரும் சாப்பாட்டுப் பொதியைத் தொடக்கூடாது. இதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையான ஆள்.

ஒட்டுசுட்டான் பக்கம் என்றால் யானை வீதிக்கு இறங்குமுன் புறப்பட்டுவிடுவேன்.

கேள்வி: மகள் தரம் 10இல் 'வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும்' எடுக்கப் போவதாக நிற்கிறாள். அது பொடியன்களின் பாடம், படிப்பு ஏறாதவர்களின் பாடம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
– ஒரு தாய், முழங்காவில்

அம்மா, உங்கள் தோட்டத்தில் தண்ணீர்ப் பம்பின் கயிற்றை இழுத்து இயக்குவது யார்? முழங்காவிலில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அது பெண்பிள்ளையின் வேலைதான். அந்தப் பிள்ளைக்கு நான்கடிப்பு எஞ்சினை விளக்குவது எனக்கு வெகு சுகம்.

சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களில் ஆறு எல்லோருக்கும் பொது; இது மூன்றாம் தொகுதியில் வருகிற தெரிவு. அதனால் கணிதமோ விஞ்ஞானமோ கைவிட்டுப் போகாது. உயர்தரத்தில் 2013 முதல் தொழினுட்பத் துறை இருக்கிறது. யாழ். பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது, உங்களுக்குத் தூரமும் இல்லை. உறவினர்களுக்கு அந்த இடத்தைக் காட்டுங்கள். துளையிடும் இயந்திரத்துக்குக் கிட்டப் போகும்போது மகள் பின்னலை மடித்துக் கட்ட வேண்டும். அதைத் தவிர அவளுக்கென்று தனி விதி எதுவுமில்லை.

கேள்வி: செயற்றிட்டத்துக்கு இரும்பு தேவை. எங்கள் பக்கத்துக் காட்டோரம் பழைய இரும்பு நிறையக் கிடக்கிறது. எடுக்கலாமா?
– தரம் 11 மாணவன், ஒட்டுசுட்டான்

வேண்டாம், தம்பி. போர் 2009இல் முடிந்தது. கண்ணிவெடி அகற்றல் இன்னமும் நடக்கிறது. துருப்பிடித்து அடையாளம் தெரியாமல் கிடப்பதைத் தொடவும் வேண்டாம், தட்டிப் பார்க்கவும் வேண்டாம். கண்ட இடத்தைப் பெரியவர்களுக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லிவிடு. உனக்குத் தேவையான துண்டு வெல்டிங் கடையின் கழிவுப் பெட்டியில் கிடைக்கும். கேட்டால் தருவார்கள்.

கேள்வி: படித்த பாடசாலைக்கு முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒன்று அனுப்ப நினைக்கிறோம். எது நல்லது?
– பழைய மாணவர், லண்டன்

மனதுக்கு நன்றி. ஆனால் முதலில் ஒரு கதை. ஒரு பாடசாலைக்கு அன்பளிப்பாக ஒரு கடைசல் இயந்திரம் வந்தது. அது மூன்று அவத்தை (பேஸ்), 400 வோல்ற்றில் ஓடுவது; பாடசாலையில் இருப்பதோ தனி அவத்தை, 230 வோல்ற்று. திறப்பு விழாப் படம் அதிபர் அறையில் தொங்குகிறது, இயந்திரத்தின் மேல் நாற்காலிகள் அடுக்கியிருக்கின்றன.

அச்சு இயந்திரத்துக்கு மின் பிரச்சினை இல்லை. உங்கள் ஊரின் 13 அம்பியர் சதுர முனைச் செருகிதான் இப்போது இங்கும் நியமம். ஆனால் அதன் பிளாத்திக்கு இழை மாரியில் ஈரத்தை உறிஞ்சும். இழை உருகி வெளிவரும் மூக்கு அடைபட்டால் துப்புரவாக்க ஆள் வேண்டும், இழை தீர்ந்தால் வாங்கக் காசு வேண்டும். இரண்டுக்கும் வழி செய்துவிட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் அதே பணத்தில் துளையலகுகள், வாள் அலகுகள், பல்மானிகளுக்கு 9 வோல்ற்று மின்கலங்கள், மேலதிக உருகிகள் வாங்கிக் கொடுங்கள். விழா எடுக்க அழகாக இராது. பிள்ளைகள் மறுநாளே அவற்றைக் கையில் எடுப்பார்கள்.

கேள்வி: வகுப்பில் 38 பேர், வாள் ஆறுதான். எப்படிச் செய்முறை நடத்துவது?
– ஓர் ஆசிரியை, நெடுங்கேணி

எல்லோரும் ஒரே நேரத்தில் அரிய வேண்டியதில்லை, டீச்சர். ஒரு குழு வரையட்டும், ஒன்று மூலைமட்டம் வைத்துக் குறிக்கட்டும், ஒன்று அரியட்டும், ஒன்று வெட்டியதை அளந்து பிழை எழுதட்டும். பாடவேளைக்குப் பாடவேளை மாற்றுங்கள். இரும்பு அரியும் வாளில் அலகின் பல் கைபிடிக்கு எதிர்ப்பக்கம் பார்க்கப் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாதி வகுப்புகளில் திருப்பிப் பூட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் வரையும் முதற்கோண எறிய முறையில் எந்தத் தோற்றம் எங்கே வரும் என்று குழப்பமாக இருக்கிறது.
– மாணவி, துணுக்காய்

முன் தோற்றத்துக்குக் கீழே, மேலிருந்து பார்த்த தோற்றமான கிடைப்படம். இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றம் வலப்பக்கத்தில் வரும். மூன்றாங்கோணத்தில் இரண்டும் எதிர்மாறு. ஒரு தீப்பெட்டியை முன்னால் வைத்து இரண்டு முறையிலும் வரைந்து பார், தங்கச்சி. அமைப்புக் கோடுகளுக்கு 2எச் பென்சில், புறக்கோட்டுக்கு எச்பி.