மலேசியாவில் பருவகாலமே இல்லை என்கிறார்களே, பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

"வருஷம் முழுக்க வெயில், மழை. இதில் என்ன பருவம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூர் பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர் என்று நினைக்கிறேன். கெடா மாநிலத்துப் பாடாங் செராய்க்கு வாங்க. இங்கே தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் மரம், பறவை பார்க்க அழைத்துப் போகிறவள் நான். இந்தக் கேள்வியைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது.

தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டினார். தைப்பூசம் நெருங்கும்போது கெடாவில் மழை ஓயும். பால்மரத்து இலை மஞ்சளாகி, சிவந்து, மொத்தமாகக் கொட்டும். மறுபடி துளிர்த்து முற்றும்வரை மங்கில், அதாவது மரத்தில் கட்டிய பால் கிண்ணத்தில், பால் சரியாக இறங்காது. பால் குறைந்தால் சம்பளம் குறையும், மளிகைக்கடைக் கணக்கில் கடன் ஏறும். அந்த மாதங்களில் வீட்டில் மீன் கிடையாது, நெத்திலிக் கருவாடுதான். எங்களுக்குப் பருவம் வயிற்றில் தெரிந்தது.

அப்புறம் செம்புநிறத் துளிர், வாசனையோடு பொடி மஞ்சள் பூ. அது காயாகி முற்ற ஐந்து மாதம்போல ஆகும். ஆகஸ்ட், செப்டம்பர் வெயிலில் காய் 'டப்' என்று வெடித்து, கொட்டை எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) தகரக் கூரையில் வந்து விழும். ஒரு காய்க்கு மூன்று கொட்டை. சிமெண்டில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்துப் பிள்ளையின் கையில் வைப்போம். இப்போது என் பிள்ளைகளிடம் வேறு வேறு ரக மரங்களின் கொட்டைகளைக் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்கிறேன். மேலோடு தாய்மரத்தின் திசு என்பதால் ஒரே மரத்துக் கொட்டைகளுக்கு வடிவமும் புள்ளிக்கோலமும் ஒன்றுபோல இருக்கும். கொட்டையைப் பார்த்தே ரகம் சொல்லும் வழக்கமும் உண்டு. பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

"பால்மரம் பிரேசிலிலிருந்து வந்தது, அதையா இயற்கை என்கிறாய்?" என்று யாராவது வருவார்கள். தெரியும், 1877இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகள்தான் ஆரம்பம். காட்டு மரங்களையும் சொல்லித்தான் தருகிறேன். ஆனால் நம் பிள்ளைகளின் பாட்டிமார் விடியற்காலையில் தொட்ட மரம் இது. நான் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். பால்மரத்தை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்தபின் அம்மாவை மருந்தடிக்கப் போட்டார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி. கொடுத்த கையுறை கிழிந்திருந்தது. நகம் கறுத்து விழுந்தது, மூக்கில் ரத்தம் வந்தது. 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரியில்தான் முழுதாக நிறுத்தினார்கள். இடையில் அடித்த பெண்களுக்கு யார் என்ன செய்தார்கள்? எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

சரி, உங்கள் பிள்ளைக்கு வருகிறேன். பால்மரம் பக்கத்தில் இல்லையென்றால் செப்டம்பர் கடைசியில் திடல் வேலியில் ஒரு பறவையைத் தேடிப் பாருங்கள். பழுப்பு முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, கரகரவென்ற சத்தம். பழுப்புக் கீச்சான் அது. சைபீரியா, வடசீனப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து ஏப்ரல்போலத் திரும்பும். முதலில் கண்ட தேதியைப் பிள்ளையே நாட்காட்டியில் குறிக்கட்டும், அடுத்த வருஷமும் குறிக்கட்டும். ஆகஸ்டில் விடுமுறை கிடைத்தால் இந்தப் பக்கம் வாங்க, கொட்டை பொறுக்கலாம்.