மெம்பிஸ் போதகர்கள் – கடிதம்

வணக்கம்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1968-இல் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். மழைக்கு ஒதுங்கிய இருவர் குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கிச் செத்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். ஆனால் கறுப்பு, வெள்ளைப் போதகர்கள் சேர்ந்து மேயரிடம் ஊர்வலம் போனதை நீங்கள் உருகி எழுதியது ஒட்டவில்லை. எங்கள் ஊரிலும் கலவரம் அடங்கியதும் மூன்று மதத்தாரும் மேடையேறிப் புறா விடுவார்கள். மெம்பிஸில் ஜெயித்தது தொழிற்சங்கம். விலையாகப் போனது, ஆதரவு தர வந்த மார்ட்டின் லூதர் கிங்கின் உயிர். போதகர்களுக்கு இதில் என்ன பங்கு?

கே.

அன்புள்ள கே.,

புறா விஷயம் சரிதான். நானும் அப்படி ஒரு மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். சால்வை போட்டார்கள்.

நீங்கள் சொல்லும் ஊர்வலம் ஏப்ரல் 5 அன்று, கிங் சுடப்பட்டதற்கு மறுநாள் நடந்தது. வேலைநிறுத்தம் தொடங்கியது பிப்ரவரி 12. இடைப்பட்ட ஏழு வாரமும் வெள்ளைப் போதகர்கள் எங்கே இருந்தார்கள் என்றும் நீங்கள் கேட்டிருக்கலாம். பெரும்பாலோர் நடுவில் இருந்தார்கள். பிப்ரவரியில் நகரப் போதகர் சங்கம் எபிஸ்கோபல் என்ற கிறிஸ்தவப் பிரிவின் செயின்ட் மேரீஸ் பேராலயத்தில் பஞ்சாயத்துக் கூட்டியது. பெரும்பாலும் வெள்ளையர்கள் கொண்ட சங்கம். தலைவர் ஜேம்ஸ் வாக்ஸ், ஒரு ரபி, அதாவது யூத மதகுரு. மேயர் ஹென்றி லோப் தொழிற்சங்கத்தாரிடம் நேரடியாகப் பேசமாட்டேன் என்றார். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு போதகர்களைப் பார்த்துத்தான் பேசினார். மாமியாரும் மருமகளும் பிள்ளையை நடுவில் வைத்துப் பேசுவதுபோல. ஒன்றும் நடக்கவில்லை.

நடுவில் நிற்கக் கறுப்புப் போதகர்களுக்கு இடமே கிடைக்கவில்லை. பிப்ரவரி 23 ஊர்வலத்தில் போலீஸார் கண்ணெரிச்சல் தரும் மேஸ் திரவத்தைப் பீய்ச்சியபோது போதகர்களையும் விட்டுவைக்கவில்லை. மறுநாளே கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். தலைவர் ஜேம்ஸ் லாசன், மெதடிஸ்ட் போதகர். ஐம்பதுகளில் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்று வருடம் இருந்து காந்தியின் வழியைப் படித்துவிட்டுப் போனவர். கடைத்தெருவில் எதுவும் வாங்காதீர்கள் என்ற செய்தி ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடைகளிலிருந்தே போனது. சம்பளமில்லாமல் நின்ற 1,300 பேருக்குச் சாப்பாடும் வாடகையும் வேண்டும். அதற்குத் தேவாலயங்கள் காணிக்கை எடுத்தன. கூட்டங்களில் வசூலுக்குக் குப்பைத் தொட்டியையே சுற்றுக்கு விட்டார்கள்.

அப்புறம் கிளேபோர்ன் டெம்பிள். பிரஸ்பிட்டேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் வெள்ளையர்கள் 1890களில் கட்டி, 1949-இல் ஒரு கறுப்பர் சபைக்கு விற்றுவிட்டுப் போன தேவாலயம். தினசரி ஊர்வலங்கள் புறப்பட்டது அங்கிருந்துதான். அப்போது அதன் போதகர் மால்கம் பிளாக்பர்ன், கறுப்பர் சபையில் ஊழியம் செய்த வெள்ளையர். ‘நான் ஒரு மனிதன்’ என்ற அந்தப் பிரபலமான அட்டைகள் அச்சானது அங்கேதான். இரண்டு நிறமும் சேர்ந்து வேலை செய்தது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இடம்தான்.

சரி, ஏப்ரல் 5-க்கு வருவோம். செயின்ட் மேரீஸ் பேராலயத்தின் தலைமைக் குரு வில்லியம் டிம்மிக் உள்ளே போய்ச் சிலுவையை எடுத்து வந்து முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தார். மேயரின் அறையில், மெம்பிஸ் சட்டத்துக்கும் டென்னசி சட்டத்துக்கும் மேலே கடவுளின் சட்டம் இருக்கிறது என்று வாக்ஸ் முகத்துக்கு நேரே சொன்னார். லோப் யூதராகப் பிறந்தவர்; அண்மையில்தான் மனைவியின் எபிஸ்கோபல் சபைக்கு மாறியிருந்தார். ஆக, விட்டுவந்த மதத்தின் குருவும் சேர்ந்த மதத்தின் குருவும் ஒன்றாக எதிரே நின்றார்கள். மேயரின் மேஜைக்கு அடியில் ஒரு துப்பாக்கி இருந்தது. இதெல்லாம் எழுதுகிறவனுக்குக் கிடைத்த அல்வா. அதில் நான் மயங்கிவிட்டேன்.

ஆனால் அன்று லோப் இறங்கி வரவில்லை. வாஷிங்டனிலிருந்து ஜனாதிபதி ஜான்சன் ஆள் அனுப்பிய பிறகு, ஏப்ரல் 16-இல்தான் ஒப்பந்தம் வந்தது. தொழிற்சங்கத்துக்கு அங்கீகாரம், இரண்டு தவணையாக மணிக்கு 15 சென்ட் உயர்வு. ஜெயித்தது தொழிற்சங்கம்தான், நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்த ஒன்பது வாரமும் அடுப்பு எரிந்ததில் காணிக்கைத் தட்டுக்கும் பங்கு உண்டு. கட்டுரையில் ஊர்வலத்துக்கு நான்கு பத்தியும் தட்டுக்கு ஒரு வரியும் கொடுத்திருக்கிறேன். புத்தகத்தில் சேர்க்கும்போது மாற்றிவிடுகிறேன்.