பார்சல் கட்டும் கை

வணக்கம் அம்மா,

போன வாரம் உங்கள் நாவல் தபாலில் வந்தது. உறைமேல் முகவரி உங்கள் கையெழுத்திலேயே இருந்ததைப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. இத்தனை வருடமாக எழுதும் ஒருவர் தானே அட்டை மடித்து, டேப் ஒட்டி, வரிசையில் நின்று தன் புத்தகத்தை அனுப்ப வேண்டிய நிலை வரலாமா?

நான் கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வயது 29. பதினோரு கதைகள் எழுதியிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாமா என்று யோசிக்கிறேன். பணத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எழுத்தை வியாபாரம் ஆக்காமல் இருந்தால் போதும். ஒரு கதையை இணைத்திருக்கிறேன். உங்கள் முதல் தொகுப்பு எங்கும் கிடைக்கவில்லை, பி.டி.எஃப். அனுப்ப முடியுமா?

க.

*

அன்புள்ள க.,

பி.டி.எஃப். கிடையாது. அந்தத் தொகுப்பைத் தை மாதத்துக்குள் மறுபதிப்பு செய்கிறேன், அப்போது வாங்கிக்கொள்ளுங்கள். வேலையை விடுவது பற்றிப் பிறகு பேசலாம். உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அந்தக் கையெழுத்து பற்றிய வரியால்தான். பத்து நாளாக இதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்த என் அண்ணியும் கட்டிலில் பரப்பியிருந்த பழுப்புத் தாளையும் டேப்பையும் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இதெல்லாம் உனக்குத் தேவையா?" என்று கேட்டார்.

தேவைதான் தம்பி.

காலை நாலரைக்கு எழுந்து எட்டு மணி வரை எழுதுகிறேன். அதற்குமேல் எழுதுவதை எல்லாம் மறுநாள் அடித்துவிடும்படி ஆகிறது. அப்புறம் சமையல். பதினோரு மணிக்கு அஞ்சலகம். மதியத்துக்கு மேல் பிறர் புத்தகங்களுக்கு மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்தம், பார்க்கிறேன், வீட்டுச் செலவில் பாதிக்குமேல் அந்தக் கூலியில்தான் ஓடுகிறது. இந்த நாளுக்குள் பார்சலுக்கு முக்கால் மணி நேரம். முதலில் பாலிதீன் உறை, ஐப்பசி கார்த்திகையில் தபால் பை நனையும். பிறகு நாலு முனைக்கும் அட்டை, இல்லாவிட்டால் முனை நசுங்கித்தான் போய்ச் சேரும். அதன்மேல் தாள், அகல டேப். கடைசியில் முகவரி. முகவரி எழுதும்போது ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படிப்பேன். போன மாதம் வால்பாறை, கம்பம், திருத்துறைப்பூண்டி, சூரத். சூரத்தில் யார் என்று கேட்டு எழுதினேன். துணி ஆலையில் மேற்பார்வையாளராம், இரவு ஷிப்டில் இடைவேளைக்கு இருபது பக்கம் படிப்பாராம். பதிப்பகங்கள் வழியாகப் புத்தகம் வந்த காலத்தில் ஒரு வாசகரின் ஊர்கூட எனக்குத் தெரியாது.

நீங்கள் பரிதாபப்படுவது இந்த வேலையைப் பார்த்து. நான் வெட்கத்தில் குறுகி நின்ற நாள் ஒன்று உண்டு. அன்றைக்குப் பார்சல் எதுவும் கட்டவில்லை, யாரிடமும் எதையும் விற்கவும் இல்லை.

2003. என் இரண்டாவது தொகுப்பு வந்திருந்தது. ராயல்டிக்கு, அதாவது விற்பனையில் எழுதியவருக்கு உரிய பங்குக்கு, பதிலாக 50 பிரதிகள் கொடுத்தார் பதிப்பாளர். 25ஐ வெளியூரில் ஒரு கடையில் விற்பனைக்குப் போட்டேன். விலை 60 ரூபாய், கடைக்கழிவு 35 சதவீதம் போக எனக்கு 975 ரூபாய் வரவேண்டும். நாலு மாதம் கழித்துப் போனேன். புத்தகம் எல்லாமே விற்றுவிட்டது என்று கடைக்காரரே சொன்னார், காபி வரவழைத்தார், ருஷ்ய நாவல்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கும் வாய் வரவில்லை. இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை போனபோது மகளின் பள்ளி வேன் கட்டணம் இரண்டு மாதம் பாக்கி. கேட்டே தீருவது என்று பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் இன்னொரு வாடிக்கையாளரிடம் என்னைக் காட்டி, "இவங்கள்லாம் காசுக்காக எழுதுறவங்க இல்ல சார்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். நான் சிரித்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, கைப்பையில் இருந்த 120 ரூபாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அது மடியிலேயே கிடந்தது, திறக்கவில்லை. வீட்டில் கணவர், "குடுத்தாரா?" என்றார். "அடுத்த வாரம் தர்றேன்னாரு" என்று பொய் சொன்னேன்.

அந்தக் கடைக்காரர் சொன்ன அதே வரியைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். "பணத்தை நான் எதிர்பார்க்கவில்லை." யார் உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது? உங்கள் நிறுவனத்தில் மாதக் கடைசியில் சம்பளம் வராவிட்டால் இப்படிச் சொல்வீர்களா? கதைக்கு மட்டும் ஏன் இந்த விரதம்? தச்சர் கூலி கேட்டால் அவர் செய்த கதவு தரம் குறைந்துவிடுவதில்லை. எழுதுகிறவர் கேட்டால் மட்டும் ஏதோ தீட்டு பட்டதுபோல முகம் மாறுகிறது. அதற்குப் பயந்து நல்ல நல்ல எழுத்தாளர்கள் வாயை மூடிக்கொண்டு கடனில் செத்திருக்கிறார்கள். 29 வயதில் நீங்களும் அந்த வாய்ப்பூட்டை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள், எனக்குக் கோபம் வருகிறது.

பாரதி 1920இல் நண்பர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையைத் தேடிப் படியுங்கள். கவிதை மாதிரியே எனக்குப் பிடித்தது அது. தன் எழுத்தையெல்லாம் 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போடத் திட்டம். கடன் கேட்கிறார், வட்டியும் தருவதாகச் சொல்கிறார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிடச் சாதாரணமாகத் தன் புத்தகங்கள் விலை போகும் என்று நம்பி எழுதுகிறார். அவருக்குத் தன் பாட்டை மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் வைக்கக் கூச்சமில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில் போய்விட்டார். அந்தப் பணம் திரண்டிருந்தால் என்று நினைக்காமல் என்னால் அதைப் படிக்க முடிவதில்லை. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையை நடத்தியதோடு, தான் போட்ட புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். இதைச் சொல்லும்போதெல்லாம் மேடையில் எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள். உச்சுக் கொட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்த மூட்டையிலிருந்து ஒரு பிரதி வாங்கியிருப்பார்கள்?

சரி, வியாபாரம் என்றீர்களே, என் கணக்கு நோட்டிலிருந்தே சொல்கிறேன். நீங்கள் வாங்கிய நாவல் 320 பக்கம், 500 பிரதி. தாள், அச்சு, கட்டு எல்லாம் சேர்த்து 62,000. அட்டை ஓவியருக்கு 5,000. மெய்ப்புக்கு 6,000, என் பிழை என் கண்ணுக்குத் தெரியாது. ஆக 73,000. விலை 400 ரூபாய். நேரடியாக அனுப்பியது 170 பிரதி, 68,000 வந்தது. கடைகளில் 120 போனது, கடைக்கழிவு போக 31,200 வர வேண்டியதில் இதுவரை வந்தது 18,000. மீதி 13,200க்கு மாதம் ஒருமுறை போன் செய்கிறேன். காபி குடித்துவிட்டு வருவதில்லை. இன்றைய தேதிக்கு என் கையில் நிற்பது 13,000. பதிப்பகம் வழி போயிருந்தால் வழக்கமான 10 சதவீத ராயல்டியில் இதே 290 பிரதிக்கு 11,600, அதுவும் ஒழுங்காகக் கொடுத்தால். ஆனால் கட்டிலுக்கடியில் இன்னும் 210 பிரதி இருக்கிறது, அது முழுக்க என்னுடையது.

தபால் செலவை வாசகரிடமே வாங்கிக்கொள்கிறேன். அதுதான் இப்போது உறுத்துகிறது. புத்தகங்களுக்கென்று தனியாக இருந்த பதிவுத் தபால் கட்டணம் 2024 டிசம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. 5 கிலோ புத்தகம் 80 ரூபாயில் நாட்டின் எந்த மூலைக்கும் போய்க்கொண்டிருந்தது. என்னைப் போல வீட்டிலிருந்து அனுப்புகிறவர்களும் சிறு பதிப்பாளர்களும் அதை நம்பித்தான் இருந்தோம். எழுத்தாளருக்காக மனசு கனக்கிறவர்கள் இதைப் பற்றி உங்கள் எம்.பி.க்கு நாலு வரி எழுதலாம்.

உங்கள் கேள்வி. வேலையை விடாதீர்கள். ஒரு வருட வாடகையும் சாப்பாடும் வங்கியில் சேர்ந்த பிறகு மறுபடி கேளுங்கள். எழுதிக்கொண்டேதான் சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்தார், சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தினார், வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்தார். இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

உங்கள் கதையை இரண்டு தடவை படித்தேன். ரேஷன் கடை வரிசையில் பாட்டி தன் இடத்துக்கு அடையாளமாக மஞ்சள் பையைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போகிறாள். திரும்பி வருகிறபோது பை இருக்கிறது, கல் நகர்ந்திருக்கிறது. அங்கே நிறுத்திக்கொண்டு யோசித்தேன். இதைப் பார்த்து எழுதத் தெரிந்தவர் நீங்கள். கடைசிப் பத்தியில் பேரன் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறான், அதை எடுத்துவிடுங்கள். எங்கே அனுப்பினாலும் சன்மானம் உண்டா என்று முதல் கடிதத்திலேயே கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. பைண்டிங் செய்யும்போது ஒரு பாரம், அதாவது பதினாறு பக்கம், விட்டுப்போன பிரதிகள் சில வந்திருப்பது முந்தாநாள்தான் தெரிந்தது. உங்கள் பிரதியில் 176ஆம் பக்கத்துக்கு அடுத்து 177 இருக்கிறதா, நேராக 193க்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் ஒரு வரி எழுதுங்கள், புதன்கிழமைக்குள் வேறு பிரதி அனுப்பிவிடுகிறேன். பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.