குன்னூர் வீட்டுக்கு மடக்கு கயாக்கா, கெட்டி கயாக்கா?

கேள்வி: குன்னூரில் வாடகை வீடு. ரோட்டிலிருந்து நாற்பது படி இறங்க வேண்டும். கார் சின்னது. மலையிலும், லீவில் கடலோரத்திலும் ஓட்ட ஒரு கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கலான சிறு படகு) வாங்க நினைக்கிறேன். மடக்கு கயாக் நல்லதா, கெட்டி உடல் கயாக் நல்லதா?

பதில்: கயாக்கைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். ஊட்டி ஏரியிலும் பைக்காராவிலும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லங்கள் இருக்கின்றன. சொந்தப் படகை நினைத்தபடி இறக்க முடியாது. எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி மூன்றும் மின் உற்பத்திக்கான நீர்த்தேக்கங்கள், சுற்றிலும் வனத்துறைக் காடு. எழுத்தில் அனுமதி வராமல் பணம் கட்டாதீர்கள். அது வராவிட்டால் உங்கள் கயாக் மலையிறங்கித்தான் ஓடப்போகிறது.

உங்கள் வீட்டுக்கு மடக்கு கயாக்தான் என்பது எங்கள் கருத்து. பாலிஎத்திலீனில் வார்த்த கெட்டி கயாக் 20 முதல் 30 கிலோ இருக்கும், நீளம் பெரும்பாலும் மூன்று மீட்டருக்குக் குறையாது. நாற்பது படியில், நடுவே திருப்பம் இருந்தால், இரண்டு பேர் தூக்கினாலும் சுவரில் இடிக்கும். மடக்கு கயாக்கில் இரண்டு வகை. நெளி பிளாஸ்டிக் தகட்டை மடித்துச் செய்வது 9 முதல் 15 கிலோவில் கிடைக்கும், தோளில் மாட்டலாம், ஆனால் அலையடிக்கும் கடலுக்கு ஆகாது. அலுமினியம் அல்லது மரச் சட்டகத்துக்கு மேலுறை மாட்டுவது கனம் கூடியது. பூட்ட அரைமணி நேரம் பிடிக்கும். கடலும் உங்கள் திட்டத்தில் இருப்பதால் இதையே எடுங்கள். ஜெர்மன் மருத்துவர் ஹானெஸ் லிண்டேமன் 1956-இல் அட்லாண்டிக்கைக் கடந்தது கிளெப்பர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் இப்படியொரு மடக்கு கயாக்கில்தான்.

மலையில் இதற்கு எதிரி பாறையை விட ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் வெளியே காயப்போட்டால் மாலைக்குள் மஞ்சு இறங்கி மறுபடி நனைந்துவிடும். ஈரத்தோடு பையில் அடைத்த மேலுறையில் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். பருத்தி மேல்துணி இருந்தால் இன்னும் மோசம், ஆகவே செயற்கை இழைத் துணியாகப் பார்த்து வாங்குங்கள். வந்ததும் சட்டகத்தைக் கழற்றி, உறையின் உட்புறத்தைப் பழந்துணியால் துடைத்து, அறைக்குள் கொடி கட்டித் தொங்கவிட்டு மின்விசிறியை ஓடவிடுங்கள். தையல் ஓரமும் முனைகளும்தான் கடைசியில் காயும். அங்கே தொட்டுப் பார்த்த பிறகே சுருட்டுங்கள். இறுக்கி மடித்தால் ஒரே கோட்டில் வெடிக்கும்.

மார்கழிக் காலையில் பி.வி.சி. பிளாஸ்டிக் பூசிய உறை விறைத்து நிற்கும். சட்டகத்தில் இழுத்தால் ஏறாது. முதல்நாள் இரவே வீட்டுக்குள் விரித்து வையுங்கள். கிழிந்த இடத்தை ஒட்டுவதும் ஈரமில்லாத நாளில்தான்: உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கிழிசலைச் சுற்றி 5 செ.மீ. கூடுதலாக வருமாறு வட்டத் துண்டு ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். மூடுபனியில் பூசிய பசையின் மேல் ஈரம் படிந்து, ஒட்டு உரிந்து வரும்.

கடலிலிருந்து திரும்பினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, அலுமினியக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். உப்பும் மணலும் இணைப்பில் தங்கினால் குழாய் இறுகி, பிறகு சுத்தியல்தான் கதி. மாட்டும் முன் இணைப்புகளில் மெழுகு தடவலாம்.

பல கெட்டி கயாக்குகளுக்கு இருக்கும் பெரிய பலம், உட்புறத்தைத் தனி அறைகளாகப் பிரிக்கும் தடுப்புச் சுவர். கவிழ்ந்தாலும் முன்னறை, பின்னறையில் காற்று நிற்பதால் மிதக்கும். மடக்கு கயாக்கில் பெரும்பாலும் அது கிடையாது. முன்முனையிலும் பின்முனையிலும் காற்றுப் பைகளைத் திணிக்காமல் இறங்கக் கூடாது. மலைத் தண்ணீரின் குளிரில் கைவிரல் சீக்கிரம் மரத்துவிடும், நீர் நிரம்பிய கயாக்கை இறைப்பதும் ஏறுவதும் நடக்காது. லைஃப் ஜாக்கெட் உடம்பிலேயே இருக்கட்டும்.

பிறகு தரைவீட்டுக்கு மாறி கெட்டி கயாக்கே வாங்கினால், ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறுவதற்குள் வெளிக்காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. காரின் கூரையில் கட்டியிருக்கும் கயாக்கின் அறை மூடிகளை இறுக மூடியிருந்தால் உள்ளே அடைபட்ட காற்று மூடியையும் தடுப்புச் சுவரின் ஒட்டையும் நெட்டித் தள்ளும். இறங்கும்போது நேர்மாறாக மூடி உள்வாங்கித் திறக்க வராது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் முன்பே மூடியைத் தளர்த்துங்கள். காற்றுப் பைகளுக்கும் இதே கதைதான். அவற்றைக் கரையில் போய் ஊதிக்கொள்ளலாம்.