டைனோசருக்கு கொம்பு எதுக்கு, கொண்டை எதுக்கு: கேள்வி-பதில்

மூணு கொம்பு டைனோசர் ட்ரைசெரடாப்ஸுக்கு கழுத்துப் பின்னாடி இருக்குற எலும்புத் தட்டு கேடயம்தானே? (அஸ்தம்பட்டி)

அதுவும் ஒரு வேலையா இருந்திருக்கலாம், ஆனா அதோட சொந்தக்காரங்க நெறைய பேருக்கு தட்டு நடுவுல ரெண்டு பெரிய ஓட்டை, மேல வெறும் தோல்தான், அத வெச்சு எந்தக் கடிய தடுக்கறது. மங்கோலியாவுல ப்ரோட்டோசெரடாப்ஸ்னு ஒரு சொந்தக்கார இனத்தோட எலும்பு, குஞ்சுல இருந்து கிழடு வரைக்கும் கெடச்சிருக்கு. குஞ்சுக்கு தட்டு துளியூண்டு, வளர வளரத்தான் மத்த உடம்ப விட வேகமா விரியுது. கேடயம்னா குஞ்சுக்குல்ல மொதல்ல வேணும்? ஜோடிக்கு காட்ட, போட்டிக்கு வர்றவன மெரட்ட, அதுக்குத்தான் முக்கியமா. உருவத்த மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க.

அப்ப கொம்பும் சும்மா பந்தாவா?

இல்ல. ட்ரைசெரடாப்ஸ் தட்டுல இருக்குற காயமெல்லாம் சொந்த இனமே கொம்பால குத்துனதோட ஒத்துப்போகுதுன்னு 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு.

பாராசாரோலோஃபஸ் டைனோசருக்கு தலையில இருக்குற குழாய் தண்ணிக்குள்ள மூச்சு விடவா? (ஓமலூர்)

நுனியில ஓட்டையே இல்லீங்க. மூக்குவழி உள்ளயே மேல ஏறி திரும்பி எறங்குது, ஊதுனா அடித்தொண்டை சத்தம் வந்திருக்கும்.

ஏற்காடு எஸ்டேட்ல குழி தோண்டும்போது வளைஞ்ச கல் கெடச்சுது, டைனோசர் கொம்பா? போட்டோ அனுப்பிருக்கேன், வாட்சப்ல போடலாமா?

போடாதீங்க தம்பி. மாசம் தவறாம இப்படி ஒண்ணு வருது, போட்டோல பக்கத்துல ஒரு ரூபா காசு கூட வெக்கல, எவ்ளோ ஆழம்னு எழுதல, அதுக்குள்ள வாட்சப். ஏற்காடு இருக்குற சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட், பூமிக்கு அடியில கடுஞ்சூட்டுல வெந்த பாறை, வயசு சுமாரா 250 கோடி வருஷம். டைனோசர் வந்ததே ஒரு 23 கோடி வருஷம் முன்னாடிதான், அது கொம்பு எப்படி இந்தப் பாறைக்குள்ள போகும்? மேல இருக்குற செம்மண்ணு, பாக்சைட்டு எல்லாம் அதே பாறை மக்குனதுதான். ஃபாசில், அதாவது கல்லாப் போன பழைய உயிர், பாக்கணும்னா அரியலூர் பக்கம் போங்க, அது கடல் இருந்த எடம். அந்தப் பக்கமும் உஷார், 2020ல பெரம்பலூர்ல உருண்டைக் கல்ல டைனோசர் முட்டைன்னு பரப்பி விட்டாங்க, பாத்தா அம்மோனைட்டுங்கற சுருள் ஓட்டுக் கடல் பிராணியோட சேந்து மண்ணு இறுகுன உருண்டை. திரும்பவும் சொல்றேன், உருவத்த மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, மொதல்ல அது என்ன பாறைன்னு பாருங்க.

கொம்பு ஆணுக்கு மட்டுமா?

எலும்ப வெச்சு ஆண் பெட்டை பிரிக்கறதே பெரும்பாடு. ஏற்காட்டுல தோட்டத்துக்குள்ள வர்ற காட்டெருமைய பாருங்க, பெட்டைக்கும் கொம்பு உண்டு.

டைலோஃபோசாரஸ் டைனோசருக்கு கழுத்துல குடை விரியுமே?

சினிமால விரியும். நெசத்துல தலைமேல ரெண்டு கொண்டைதான்.

இந்தியாவுல கொம்பு வெச்ச டைனோசர் உண்டா? (சூரமங்கலம்)

ராஜாசாரஸ், குஜராத், 2003ல பேர் வெச்சாங்க. நெத்தியில ஒரே ஒரு குட்டைக் கொம்பு.